நான்காம் பரிமாணத்துக்கு ஒரு ஏணி

1886 அக்டோபர். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வயது 33. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பேர்பெற்ற உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், கணிதத்தில் புலி. கொலை, கொள்ளை எதுவும் இல்லை. கட்டிய மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க, வேறொரு பெயரில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகளும் பிறந்திருந்தன. விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லை. கிடைத்தது மூன்றே நாள் சிறை. ஆனால் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஆசிரியரை எந்தப் பள்ளி படியேற்றும்? சார்ல்ஸ் ஹோவர்ட் ஹின்டன் சிறையை விட்டு வெளியே வந்தபோது வேலை போயிருந்தது, மானம் போயிருந்தது. தலைக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்த ஓர் ஆசை மட்டும் போகவில்லை.

அந்த ஆசை புரிய வேண்டுமானால் அவர் பிறந்த வீட்டையும் பெண் எடுத்த வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாக வேண்டும். அப்பா ஜேம்ஸ் ஹின்டன் லண்டனில் காது மருத்துவர். ஓய்வு நேரத்தில் தத்துவம் எழுதுவார். ஒருவனுக்கு ஒருத்தி என்பதெல்லாம் மனிதர்கள் போட்ட வேலிதான் என்று பேசியவர். மகன் கூண்டில் ஏறியதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று ஊர் முணுமுணுத்தது. மாமனார் ஜார்ஜ் பூல். கணினிக்குள் ஓடும் ஒன்று, பூஜ்ய தர்க்கத்துக்கு அடிப்படை போட்ட அதே பூல். மருமகன் வருவதற்கு முன்பே, 1864-ல், அவர் காலமாகிவிட்டார். ஐந்து பெண்களையும் வளர்த்து ஆளாக்கியது மாமியார் மேரி எவரெஸ்ட் பூல். பரங்கிமலையில் லாம்டன் என்பவர் 1802-ல் அளவுக்கோடு போட்டுத் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியைப் பின்னாளில் தலைமை ஏற்று நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள் என்கிற முறை அந்த அம்மாளுக்கு. சிகரத்தின் பெயர் வீட்டுப் பெயராகவே இருந்தது.

இந்த மாமியார்தான் கதைக்கு முக்கியம். பிள்ளைகளுக்குக் கணக்கை வாயால் சொல்லிக்கொடுத்தால் ஏறாது, கை பழகினால் மூளை தானாகப் பின்னால் வரும் என்பது அவருடைய கட்சி. அட்டையில் துளைகள் போட்டு, வண்ண நூலைக் கோத்து, நேர்க்கோடுகளாலேயே வளைகோடுகளைப் பிறக்க வைக்கும் தையல் அட்டைகளைக் குழந்தைகள் கையில் கொடுத்தவர் அவர். அந்த வீட்டின் மூத்த பெண் மேரி எல்லனை 1880-ல் மணந்த சார்ல்ஸ், பெண்ணோடு சேர்த்து இந்தப் பித்தையும் சீதனமாகக் கொண்டுபோனார். மாமியாருக்குப் போதுமாக இருந்தது காகிதத்தின் இரு பரிமாணம். மருமகனுக்கு மூன்றுகூடப் போதவில்லை.

புள்ளியை இழுத்தால் கோடு. கோட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் சதுரம். சதுரத்தை மேலே தூக்கினால் கனசதுரம். அப்படியானால் கனசதுரத்தை இழுப்பதற்கு இன்னொரு திசை இருந்தாக வேண்டும் அல்லவா என்று கேட்டார் சார்ல்ஸ். 1880-லேயே அதைக் கட்டுரையாக எழுதினார். எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' வருவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு அது. நான்காவது திசை நமக்குத் தெரியாததற்குக் காரணம் அது இல்லாததல்ல. நம் மனம் சோம்பிக் கிடப்பதுதான் என்று நம்பினார். பழக்கினால் தெரியும். முதலில் தன்னையே பழக்கிக்கொண்டார். ஒரு கஜ நீளம், ஒரு கஜ அகலம், ஒரு கஜ உயரம் கொண்ட பெரிய கனசதுரத்தை ஒரு அங்குலக் கட்டைகளாகப் பிரித்தால் 46,656 துண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் லத்தீன் பெயர் சூட்டி, எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் முறையான கணிதப் படிப்பே இல்லாத மைத்துனி அலீசியா, பதினெட்டு வயது வாக்கில் அத்தானின் மரக்கட்டைகளை உருட்டி விளையாடியே நான்கு பரிமாண வடிவங்களைக் கண்டுகொண்டார். அவருக்கு 1914-ல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆக, முறை முழுப் பைத்தியக்காரத்தனம் அல்ல. பெரியவர்களைப் பழக்குவதைவிடச் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பழக்குவது சுலபமாயிற்றே என்ற எண்ணம் சார்ல்ஸுக்கு வந்தது.

அவர் வேலை பார்த்த அப்பிங்ஹாம் பள்ளியும் இந்த மாதிரி எண்ணங்களுக்கு ஒவ்வாத இடம் அல்ல. லத்தீனும் பிரம்பும் இருந்தால் பையன்கள் தேறிவிடுவார்கள் என்று மற்றப் பெரிய பள்ளிகள் நினைத்திருந்த காலத்தில், அதன் தலைமை ஆசிரியர் எட்வர்ட் த்ரிங் 1859-லேயே வளாகத்துக்குள் உடற்பயிற்சிக் கூடம் கட்டியிருந்தார். இங்கிலாந்தின் பெரிய உறைவிடப் பள்ளிகளில் அதுதான் முதல் கூடம். 1876-ல் ஊருக்குள் டைபாய்டு பரவியபோது, பையன்கள், ஆசிரியர்கள், படுக்கை, பெட்டி என்று மொத்தப் பள்ளியையும் வேல்ஸ் கடற்கரைக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் ஓராண்டு நடத்தியவர். பிள்ளைகளின் உடம்பும் பள்ளிக்கூடத்தின் பொறுப்புதான் என்று நினைத்த அபூர்வ மனிதர். அந்த இடத்தில் சார்ல்ஸ் நீடித்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்குமோ. நடுவில் வந்து நின்றது அந்தத் திருமண வழக்கு.

1887-ல் கப்பல் ஏறினார். முதல் மனைவி கைவிடவில்லை. பிள்ளைகளோடு கூடவே கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் யோகோஹாமா. அங்கே யாருக்கும் பழைய கதை தெரியாது. ஆசிரியர் வேலை கிடைத்தது, பிறகு தலைமை ஆசிரியர் பதவியும் வந்தது. வீட்டில் நான்கு மகன்கள். ஊரெல்லாம் மூங்கில். நாலாவது பரிமாணத்தை எட்டிப் பிடிக்க முதலில் மூன்றாவது பரிமாணம் உடம்பில் ஊற வேண்டும் என்று முடிவு கட்டிய சார்ல்ஸ், ஒரு நாள் மூங்கில் கழிகளை வெட்டிக் குவித்தார்.

நெடுக்கில் சில கழிகள், குறுக்கில் சில, செங்குத்தாகச் சில, எல்லாம் சம இடைவெளியில். கழிகள் சந்திக்கும் இடங்களிலெல்லாம் கட்டுப் போட்டார். நாலாபுறமும் திறந்த, காற்று புகுந்து புறப்படும் ஒரு பெரிய கட்டம் எழுந்தது. ஒரு திசைக்கு எக்ஸ், இன்னொன்றுக்கு ஒய், உயரத்துக்கு இஸட். அப்பா கீழே நின்றுகொண்டு எக்ஸ் இரண்டு, ஒய் நான்கு, இஸட் மூன்று என்கிற மாதிரி குரல் கொடுப்பார். பையன்கள் பாய்ந்து ஏறி அந்தச் சந்திப்பை முதலில் யார் தொடுகிறார் என்று போட்டி போட வேண்டும். தேக்கார்த் என்ற கணித மேதை காகிதத்தில் வரைந்ததைக் கையாலும் காலாலும் படிக்கும் பாடம். ஏற்பாடு அபாரமாக இருந்தது. கோளாறு ஒரே ஒரு இடத்தில்தான்.

பையன்களுக்குப் பாடத்தில் அக்கறையே இல்லை. எண்கள் ஒரு பக்கம் ஒலித்துக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டுக்கு ஏறினார்கள், முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கினார்கள், ஒருவனை ஒருவன் துரத்தினார்கள். நான்கு பேரில் ஒருவர்கூட நான்காம் பரிமாணத்தைத் தரிசித்ததாகச் செய்தி இல்லை. கல்விச் சோதனை என்று பார்த்தால் முழுத் தோல்வி. 1893-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கணிதம் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்ததும் குடும்பம் மறுபடி மூட்டை கட்டியது. மூங்கில் கட்டம் ஜப்பானிலேயே நின்றுபோனது.

அமெரிக்காவில் சார்ல்ஸ் சும்மா இருந்துவிடவில்லை. பிரின்ஸ்டன் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிப் பயிற்சி கொடுத்தே வீச்சாளர்களின் தோள் தேய்வதைப் பார்த்தார். 1897-ல் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்: வெடிமருந்தால் இயங்கும் பந்து வீசும் துப்பாக்கி. குழாய் வாயில் விரல் போன்ற கம்பிகளைப் பொருத்திப் பந்தை வளைத்தும் விடுவார். மட்டையைப் பிடித்து நின்ற மாணவர்கள் வெடிச்சத்தம் கேட்டதும் வெலவெலத்துப்போனார்கள். சிலருக்கு அடியும் பட்டது. மாணவர் நலனுக்காகச் செய்யப்பட்ட கருவிகளின் வரலாற்றில் இதற்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு, எச்சரிக்கைப் பலகையாக. அதன்பின் மினசோட்டா, வாஷிங்டன் கடற்படை வானாய்வகம் என்று வேலை மாறி, கடைசியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பிறர் கண்டுபிடிப்புகளைச் சோதிக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தன்னுடைய மூங்கில் கட்டத்துக்குக் காப்புரிமை கேட்கும் யோசனை அவருக்கு வரவே இல்லை. 1907 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு சங்க விருந்து. பெண் தத்துவ அறிஞர்களைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து பேசினார், விழுந்தார், போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு மேரி எல்லனும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூங்கிலில் தொங்கிய பையன்களில் இளையவன் செபாஸ்டியனுக்கு அப்போது இருபது வயதை ஒட்டி இருந்தது.

செபாஸ்டியன் அப்பாவைப் போல வானத்தைப் பார்த்து நடக்கிற ரகம் அல்ல. சட்டம் படித்துச் சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞர் ஆனார். ஊரார் கண்டுபிடித்ததையெல்லாம் வரைபடமாக்கி, வாசகமாக்கி, முத்திரை வாங்கிக் கொடுப்பது தொழில். கைவசம் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. மனைவி கார்மலீட்டா வேறு உலகத்திலிருந்து வந்தவர். சிகாகோவின் ஏழைக் குடியேறிகளுக்காக ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸில் அவருக்குச் செயலாளராக இருந்தவர். தெருவில் கிடக்கும் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு திடல் வேண்டும் என்று 1890-களிலேயே கிளம்பிய இடம் அது. இந்தத் தம்பதி குடியேறிய ஊர், சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த வின்னெட்கா. சின்ன ஊர்தான். ஆனால் அந்த ஊர்ப் பள்ளிகளில் அப்போது ஒரு புரட்சி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

1919-ல் அந்தப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வந்தவர் கார்ல்டன் வாஷ்பர்ன். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நாற்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்ற வழக்கத்தை அவர் உடைத்தார். கணக்கும் வாசிப்பும் அவரவர் வேகத்தில். மீதிப் பொழுது நாடகம், பாட்டு, கைவேலை, விளையாட்டு. பிள்ளைகளின் மனச் சிக்கல்களைக் கவனிக்கப் பள்ளிக்குள்ளேயே தனிப் பிரிவு ஒன்றும் பின்னாளில் அவர் காலத்தில் வந்தது. ஒன்று மட்டும் அவருக்கு இடித்தது. வகுப்பறை மாறிவிட்டது, வாசலுக்கு வெளியே இருந்த உலகம் மாறவில்லை. உடற்பயிற்சி என்றால் கவாத்து, இல்லாவிட்டால் பந்தாட்டம். கவாத்தில் மனம் இல்லை. பந்தாட்டத்தில் கெட்டிக்காரப் பையன்கள் ஆட, மற்றவர்கள் வேலியோரம் நிற்பார்கள். நகரத் திடல்களில் நட்டிருந்த உயரமான இரும்பு ஏணிகளும், கம்பத்தின் உச்சியிலிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சுற்றும் ராட்சச ராட்டினங்களும் கை கால்களை முறித்துக்கொண்டிருந்தன. எல்லாப் பிள்ளையும் ஏற, எந்தப் பிள்ளையும் தோற்காத ஒன்று எங்கே கிடைக்கும்?

1920-ல் வின்னெட்காவில் ஓர் இரவு விருந்து. வாஷ்பர்னும் இருந்தார், செபாஸ்டியனும் இருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்ப் பிள்ளைகள் விளையாடுவதில் வந்து நின்றது. செபாஸ்டியன் தன் பால்யத்தை எடுத்துவிட்டார். யோகோஹாமா, மூங்கில், எக்ஸ், ஒய், இஸட், கீழே நின்று எண் சொல்லும் அப்பா, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத நான்கு பையன்கள். சிரிப்பதற்காகச் சொன்ன கதை. மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்திருக்கவும் கூடும். வாஷ்பர்ன் அதைச் சிரிப்புக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பள்ளிக்குக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று பிடித்துக்கொண்டார்.

முப்பது வருஷமாக மண்டைக்குள் கிடந்த குப்பை காப்புரிமை வழக்கறிஞருக்கு ஒரே இரவில் சரக்காகத் தெரிந்தது. வரைபலகையில் உட்கார்ந்தார். மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய். கயிற்றுக் கட்டுக்குப் பதில் திருகி இறுக்கும் இணைப்பு. குழாய்க்கும் குழாய்க்கும் இடையே எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. அடுத்த குழாய் ஒரு பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். கால் நழுவினால் விழுகிற வழியிலேயே இன்னொரு குழாய் பிடிபட வேண்டும். மரத்தில் கிளைகள் இஷ்டத்துக்கு முளைக்கும். இங்கே ஒவ்வொரு கிளையும் எதிர்பார்த்த இடத்தில். மரத்தில் இரண்டு பேர் ஏறினால் நெருக்கடி. இதில் சில அடி மண்ணுக்கு மேலே ஒரு வகுப்பே தொங்கலாம். நிலம் குறைந்த பள்ளிகளுக்கு உயரமும் ஒரு நிலம்தான் என்பது மூன்றாவது பரிமாணத்தில் வளர்ந்த பையனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் மாதிரி ஒரு பள்ளியில் நின்றது. குறைகளைத் திருத்தி இரண்டாவது மாதிரி நின்றது. மணி அடித்தது, கதவு திறந்தது.

எக்ஸ் எது, ஒய் எது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எந்த ஆசிரியரும் நிற்கவில்லை. உச்சிக்குப் போனவர்கள் போனார்கள். இரண்டாவது கட்டத்தோடு நின்றவர்கள் அங்கேயே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கட்டத்துக்குள் புகுந்து இரண்டு பேர் ரகசியம் பேசினார்கள். வேலியோரம் நிற்கும் கூட்டம் காணாமல் போனது. காப்புரிமை மனுவில் செபாஸ்டியன் இதையெல்லாம் சட்ட மொழியில் வர்ணித்தபோது குரங்குகள் வந்து புகுந்தன. காட்டு மரங்களின் உச்சியில் குரங்குக் கூட்டம் தாவுகிற மாதிரி பிள்ளைக் கூட்டம் தாவி விளையாடுவதற்கான அமைப்பு இது என்ற பொருளில் எழுதினார். மனிதனின் மூதாதையர் இடம் பெயர்ந்ததே இப்படித்தான், ஆகவே ஏறுவது குழந்தைக்கு இயல்பான பயிற்சி என்றும் வாதாடினார். அந்தக் காட்டிலிருந்தே வணிகப் பெயரும் வந்தது: ஜங்கிள்ஜிம்.

பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் சதுரம் சதுரமாக நிற்கும், பெயிண்ட் உரிந்து வெயிலில் கை பொசுங்க வைக்கும் அந்தக் கம்பிக் கூடுதான். நாலாவது பரிமாணத்தைப் பிடிக்கக் கட்டிய ஏணி என்று அதன் உச்சியில் உட்கார்ந்து முறுக்கு தின்ற எவருக்கும் தோன்றியிருக்க நியாயம் இல்லை. என்னைக் கேட்டால், அது பிழைத்ததற்கே காரணம் அப்பாவின் தோல்விதான். சார்ல்ஸ் கட்டியது ஒரு பந்தயம்: யார் முதலில் தொடுவது, யார் பின்தங்குவது. பையன்கள் அதிலிருந்து நடுவரைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததைத்தான் மகன் வின்னெட்காவுக்குக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பயத்தின் உயரத்தைத் தானே தீர்மானித்தது.

1920-ல் தொடங்கிய மனுக்கள் வாஷிங்டனில் மேஜை மேஜையாக நகர்ந்தன. ஒரு காலத்தில் அப்பா உட்கார்ந்திருந்த அதே அலுவலகம். இதற்கிடையே செபாஸ்டியனை வேறொன்று பிடித்துக்கொண்டது. கடுமையான மனச்சோர்வு நோய். அந்த நாளில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது; ஓய்வும் உபசரணையும்தான் சிகிச்சை. 1923-ல், முப்பதுகளின் நடுவில், தாய் போன வழியிலேயே அவரும் போனார். வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள், கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயது முடியவில்லை. ஏறும் சட்டத்துக்கான காப்புரிமை அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று வந்து சேர்ந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு.

கார்மலீட்டா முடங்கிவிடவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாசசூசெட்ஸுக்குப் போய் ஆசிரியர் ஆனார். 1935-ல் வெர்மாண்ட் மலைகளில் புட்னி பள்ளியைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் உறைவிடப் பள்ளி. பாடத்தோடு மாட்டுத் தொழுவ வேலை, மலையேற்றம், பனிச்சறுக்கு எல்லாம் கட்டாயம் போல. இரண்டு வயது முடியாத அந்தப் பெண் ஜோன், வளர்ந்து அணு இயற்பியல் படித்து, லாஸ் அலமாஸில் ஃபெர்மியோடு வேலை பார்த்து, 1945-ல் முதல் அணுகுண்டு வெடித்ததைக் கண்ணால் பார்த்தார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு இயற்பியலையே உதறினார். 1948-ல் சீனாவுக்குப் போய் ஆயுள் முழுவதும் பால் பண்ணை நடத்தினார். அண்ணன் வில்லியம், சீன கிராமம் ஒன்றின் நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி 'ஃபான்ஷென்' எழுதியவர். மூங்கிலில் தொங்கிய இன்னொரு பையன் ஜார்ஜின் பேரன்தான், செயற்கை நுண்ணறிவுக்காக 2024-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன். பதினான்கு பரிமாண வெளியை எப்படிக் கற்பனை செய்வது என்று மாணவர்களுக்கு அவர் ஒரு வகுப்பில் வழி சொன்னார்: மூன்று பரிமாணத்தை நினைத்துக்கொண்டு, 'பதினான்கு' என்று உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கொள்ளுத் தாத்தா கேட்டிருந்தால் மூங்கிலைத் தேடியிருப்பார்.

செபாஸ்டியனின் சட்டம் மட்டும் அவர் இல்லாமலே ஊர் ஊராகப் போனது. அமெரிக்கப் பள்ளிகளை நிரப்பியது, கடல் தாண்டியது, ஜப்பானுக்கும் போனது. அங்கே ஆரம்பப் பள்ளித் திடல் என்றால் அது ஒன்று இருந்தாக வேண்டும் என்கிற அளவுக்கு ஊன்றிக்கொண்டது. மூங்கிலாகப் பிறந்த நாட்டுக்கு இரும்பாகத் திரும்பிய கதை அங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியுமோ. அதை அசைக்கப் போட்டியாளர் எவரும் வரவில்லை. வந்தது அளவுகோல்.

இரும்புச் சட்டத்துக்குக் கீழே இருந்தது பெரும்பாலும் தார்த்தரை. விழுந்தவர்களின் கணக்கு மருத்துவமனைகளில் ஏறியது, வழக்குகள் நீதிமன்றங்களில் ஏறின. 1981-ல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டுத் திடல்களுக்கு வழிகாட்டி நூல் போட்டது. தரையில் மணலோ மரச்சீவலோ ரப்பரோ இருக்க வேண்டும் என்றது. பிறகு வந்த பதிப்புகளில் ஒன்று நேராக இதன் இதயத்திலேயே கை வைத்தது: ஏறும் சட்டத்தின் உள்ளே, 18 அங்குலத்துக்கு மேலான உயரத்திலிருந்து பிள்ளை விழுந்து மோதும்படி குழாய் எதுவும் இருக்கக் கூடாது. விழும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் என்று செபாஸ்டியன் எந்தக் குழாயை நம்பினாரோ, அதே குழாய்தான் குற்றவாளி ஆயிற்று. பழைய சட்டங்களை அறுத்துக் காயலான் கடைக்கு ஏற்றினார்கள். அவை நின்ற இடத்தில் முழங்கால் உயர பிளாஸ்டிக் சறுக்குகள் வந்தன. பிள்ளைகள் அவற்றைச் சறுக்குகிற பக்கத்திலிருந்து ஏறத் தொடங்கினார்கள்.

நார்வேயில் எல்லன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிகளில் உட்கார்ந்து இந்த ஏறும் வெறியைக் கவனித்தார். பிள்ளைகள் தேடிப்போகும் ஆபத்து விளையாட்டை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தபோது, அவர் சொன்ன ஒரு வகை உயரம். 2011-ல் லெய்ஃப் கென்னேர் என்ற உளவியலாளரோடு சேர்ந்து எழுதியதில் இன்னும் ஒரு படி போனார். உயரத்தைப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பார்ப்பது பயத்துக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மருந்து. அதைத் தடுத்தால் பதற்ற நோய்கள் கூடக்கூடும் என்பது அவர்களுடைய வாதம். பள்ளியில் உடம்பைக் காப்பாற்றப் போட்ட விதியும் மனதைக் காப்பாற்றச் சொன்ன யோசனையும் ஒரே கம்பியின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தன.

இழுபறிக்கு ஒரு விடை அதற்கு முன்பே பெர்லினில் தயாராக இருந்தது. 1970-களில் கான்ராட் ரோலண்ட் என்ற கட்டடக் கலைஞர் குழாயை எடுத்துவிட்டு, உள்ளே இரும்பு இழை ஓடும் கயிற்றால் முப்பரிமாண வலைகளைப் பின்னினார். நடுவில் ஒரு கம்பம், சுற்றிலும் இறுகக் கட்டிய வலை. குழாயில் மோதினால் பல் போகும். கயிறு வளைந்து கொடுக்கும். அதனால் வலையின் உச்சியை வீட்டுக் கூரைக்கு மேலேகூடத் தூக்கிக் கட்ட முடிந்தது. கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவே எவ்வளவு விடுவது என்பதுதான் இங்கேயும் சூட்சுமம். செபாஸ்டியனின் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டு ஆகியிருந்ததால் யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.